"இதுல நம்ம வக்கீல் யாருங்கய்யா?": அரசு வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் அரசுத் தரப்பில் நிற்கும் மதிப்பிற்குரிய வழக்கறிஞர்களுக்கு,

வணக்கம். நீதித்துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடைசி 14 ஆண்டுகள் தென்மாவட்டம் ஒன்றில் செஷன்ஸ் கோர்ட் பெஞ்ச் கிளார்க்காக இருந்தேன். நீதிபதியின் மேடைக்குக் கீழே, இரு தரப்பு வழக்கறிஞர்களுக்கும் எதிரே கிடக்குமே ஒரு மேசை, அதுதான் என் இடம். சாட்சிக் கூண்டு அங்கிருந்து கை நீட்டினால் எட்டும் தூரம். கூண்டில் நிற்பவர்கள் நீதிபதிக்குக் கேட்காமல் முணுமுணுப்பதெல்லாம் எனக்குக் கேட்கும்.

2013-ல் ஒரு கொலை வழக்கு. இறந்துபோன பையனின் தாய்தான் முதல் சாட்சி. சந்தையில் காய்கறி விற்கிற அம்மா. அது அவருக்கு நான்காவது வாய்தா. முந்தைய மூன்று முறையும் காலையில் வந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்து, சாயங்காலம் திரும்பிப் போனவர். அன்றைக்கு வழக்கு எடுக்கப்பட்டது. கோர்ட் கான்ஸ்டபிள் கேஸ் கட்டைக் கொண்டுவந்து அரசு வழக்கறிஞர் கையில் கொடுத்தபோது மணி 10.25. டவாலி பெயர் சொல்லிக் கூப்பிட, அந்தம்மா கூண்டேறி சத்தியம் செய்தார். எதிரே இரண்டு கருப்புக் கோட்டு. ஒருவர் தலைகுனிந்து கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் அவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தம்மா என் பக்கமாகக் குனிந்து, "இதுல நம்ம வக்கீல் யாருங்கய்யா?" என்று கேட்டார்.

பேனாவால் காட்டினேன். அவர் நினைத்திருந்தது மற்றவரை.

சம்பவம் எத்தனை மணிக்கு என்று உங்கள் தரப்பில் கேட்டார்கள். "விளக்கு வைக்கிற நேரம்" என்றார். முதல் தகவல் அறிக்கையில் இருந்தது இரவு 7.45. அதற்கு மேல் யாரும் தோண்டவில்லை. குறுக்கு விசாரணைக்கு எழுந்தவர் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். விளக்கு வைக்கிற நேரம் என்றால் ஆறு மணிதானே, ஆறு மணிக்கு நீங்கள் சந்தையில்தானே இருப்பீர்கள், சந்தை முடிய ஏழாகும் இல்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அந்தம்மா "ஆமாங்கய்யா" என்றார். பொய் சொல்லத் தெரியாதவர். வாக்குமூலத்தின் கடைசி வரி வழக்கம்போல் தட்டச்சானது: மறு விசாரணை இல்லை. அதாவது, குறுக்கு விசாரணைக்குப் பிறகு அரசுத் தரப்பு மறுபடி எழுந்து கேள்வி கேட்கவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் வராந்தாவில் அவரே என்னிடம் சொன்னார். அவர் வீட்டில் விளக்கு ஏற்ற வேறு ஆளில்லை. சந்தை முடிந்து அவர் வந்து ஏற்றினால்தான் விளக்கு. அவருக்கு விளக்கு வைக்கிற நேரம் எப்போதுமே ஏழரை. இதைக் கேட்க ஒரே ஒரு கேள்வி போதும். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய பொறுப்பு முதலில் உங்களுடையதாகத்தான் இருந்தது.

இந்த மடலை அதற்காகத்தான் எழுதுகிறேன். உங்கள் வாதத்திறமையைப் பற்றியோ சட்ட அறிவைப் பற்றியோ பேச எனக்குத் தகுதி இல்லை. கட்டைப் படிப்பது, சாட்சியைக் கூண்டேறும் முன்பே பார்ப்பது, எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, சாதகமான தாளாக இருந்தாலும் அதை நீதிமன்றத்தின் முன் வைப்பது ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுகிறேன். இந்தச் சின்ன வேலைகளில்தான் நீங்கள் யாருடைய வழக்கறிஞர் என்பது வெளியே தெரிகிறது.

நீங்கள் போலீஸின் வழக்கறிஞர் இல்லை. ஒரு காலத்தில் போலீஸ்காரர்களே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்கு நடத்தினார்கள். 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அந்த வழக்கத்தை அறுத்துவிட்டு உங்களுக்குத் தனி நாற்காலி போட்டது. குற்றப்பத்திரிகை போடலாமா வேண்டாமா என்பது போலீஸின் முடிவு. அரசு வழக்கறிஞரின் கருத்தைக் கேட்டுத் தாக்கல் செய்யும்படி நம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னதை, 2000-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. புலன்விசாரணை வேறு, வழக்கு நடத்துவது வேறு என்பது அதன் காரணம். அந்தச் சுவர் இரண்டு பக்கத்துக்கும் சுவர்தான். அவர்கள் வேலையில் உங்களை இழுக்கக் கூடாது என்றால், நீதிமன்றத்துக்குள் உங்கள் வேலையை அவர்களிடம் விட்டுவிடவும் கூடாது.

ஆனால் நடப்பது என்ன? சம்மன் கொடுப்பது போலீஸ். சாட்சியைக் கூட்டிவருவது போலீஸ். வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு எழுதின ஸ்டேட்மென்டைக் காட்டிப் படிக்கச் சொல்வதும் போலீஸ். நீங்கள் விட்ட இடத்தில் அவர்கள் வந்து உட்காருகிறார்கள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் காட்டியது. தமிழ்நாட்டில் 2007-ல் நடந்த ஒரு கொலை. சாட்சி சொல்வதற்கு முந்தின நாள் சாட்சிகளைக் காவல் நிலையத்துக்கு வரவழைத்து, எப்படிச் சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்தியிருந்தார்கள். குறுக்கு விசாரணையில் அது வெளியே வந்துவிட்டது. தண்டனை போயிற்று. இப்படிச் செய்த அதிகாரிகளைப் பற்றி விசாரிக்க டி.ஜி.பி.க்கு உத்தரவும் வந்தது. அந்த வழக்கின் சாட்சிகள் நிஜமாகவே பார்த்ததைச் சொல்ல வந்தவர்களாகவும் இருந்திருக்கலாம். இனி யாருக்கும் அது தெரியப்போவதில்லை.

சாட்சியைச் சந்திப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சொல்லிக்கொடுப்பதுதான் தவறு. இரண்டுக்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். ஒரு கான்ஸ்டபிளுக்குத் தெரிய வேண்டிய கட்டாயமில்லை. பத்து நிமிடம் உட்கார்ந்து, "நான்தாம்மா உங்க பக்கம் கேள்வி கேக்கப் போறேன், பார்த்ததை மட்டும் சொல்லுங்க, தெரியாததைத் தெரியாதுன்னே சொல்லுங்க" என்று சொன்னால் போதும். விளக்கு வைக்கிற நேரம் எதுவென்று அந்தப் பத்து நிமிடத்திலேயே வந்து விழுந்திருக்கும்.

'மறு விசாரணை இல்லை' என்ற வரிக்குத் திரும்புகிறேன். அதைத் தட்டச்சாகக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது மரத்துப்போயிருந்தது. ஆனால் தமிழ்நாட்டின் மிகப் பெரிய வழக்கு ஒன்று மாநிலத்தை விட்டே போனதற்கு அந்த மௌனமும் ஒரு காரணம். முன்னாள் முதல்வர் ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கைச் சொல்கிறேன். 2001-க்குப் பிறகு அவர் மறுபடி முதல்வராக இருந்த காலத்தில், ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்திருந்த 76 பேர் குறுக்கு விசாரணைக்குத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அவர்களில் 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அவர்களைப் பிறழ் சாட்சி என்று அறிவித்துக் கேள்வி கேட்க அரசு வழக்கறிஞர் முயற்சியே எடுக்கவில்லை என்பதை உச்ச நீதிமன்றம் குறித்துக்கொண்டது. 2003 நவம்பர் 18 அன்று வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. அதன் பிறகு நடந்ததை ஊரே அறியும். கட்சி அரசியலில் யாருக்கு எந்தப் பக்கம் என்பது எனக்குப் பொருட்டே இல்லை. 64 பேர் ஒருவர் பின் ஒருவராகக் கூண்டேறி இறங்கும்போது ஒருவர் எழுந்து நிற்காமல் உட்கார்ந்திருந்தாரே, அந்த நாற்காலியைத்தான் நான் நினைத்துப் பார்க்கிறேன்.

அடுத்த ஆண்டே குஜராத்தின் பெஸ்ட் பேக்கரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் கடுமையாகப் பேசியது. 2002 கலவரத்தில் வடோதராவில் 14 பேர் கொல்லப்பட்ட வழக்கு அது. 21 பேரும் விடுதலையாகியிருந்தார்கள். பதிவேடுகளைப் பார்த்தால் அரசு வழக்கறிஞர் எதிரிகளைக் காப்பாற்ற நின்றவர்போலத் தெரிகிறது என்று சொல்லி, வழக்கை முதலிலிருந்து மகாராஷ்டிரத்தில் நடத்தச் சொன்னார்கள். இரண்டு தீர்ப்புகளிலும் எனக்குப் பட்டது ஒன்றுதான். சாட்சி பிறழ்ந்ததற்குச் சாட்சியை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக நீதிமன்றம் விடவில்லை.

சாட்சிகள் ஏன் பிறழ்கிறார்கள் என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்? பயம், காசு, சாதி, ஊர்க்கட்டுப்பாடு, வருஷக்கணக்கான அலைச்சல். 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்று நடைமுறைக்குக் கொண்டுவந்த சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில், மாவட்டக் குழுவுக்குத் தலைவர் மாவட்ட நீதிபதி. உறுப்பினர்-செயலர் யார் தெரியுமா? மாவட்டத்தில் அரசு வழக்கு நடத்தும் பிரிவின் தலைவர். அதாவது உங்களில் ஒருவர். விண்ணப்பம் உங்கள் மேசைக்குத்தான் வர வேண்டும். நான் ஓய்வு பெறும்வரை எங்கள் கோர்ட்டில் ஒரு சாட்சிகூட அப்படி விண்ணப்பித்து நான் பார்க்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதை அவர்களுக்கு யார் சொல்வார்கள்?

இன்னொரு நாளையும் சொல்லியாக வேண்டும். அந்த நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் நிமிர்ந்து உட்காரத் தோன்றும்.

கொலை முயற்சி வழக்கு. எதிரிகள் ஐந்து பேர், கடைசிப் பையனுக்கு வயது 19. அரசுத் தரப்பில் ஒரு அம்மா, கூடுதல் அரசு வழக்கறிஞர். அவர் கட்டை முந்தின நாளே வாங்கிப் படிக்கிற பழக்கம் உள்ளவர். அதற்காகக் கோர்ட் கான்ஸ்டபிளோடு அவருக்குத் தினமும் சின்னப் பஞ்சாயத்து நடக்கும். அந்தக் கட்டில் காயச் சான்றிதழ் இருந்தது, ஆவணப் பட்டியலிலும் ஏறியிருந்தது. அதோடு ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பியும், அதாவது அடிபட்டு வருபவர்களைப் பற்றி எழுதிவைக்கும் விபத்துப் பதிவேட்டின் நகலும், இருந்தது. அது மட்டும் பட்டியலில் இல்லை. அடிபட்டவர் ஆஸ்பத்திரிக்கு வந்தவுடன் டாக்டரிடம் சொன்னதாக அதில் எழுதியிருந்தது, தெரிந்த நபர்கள் இருவர் தாக்கியதாக. குற்றப்பத்திரிகையில் ஐவர்.

அந்த அம்மா விசாரணை அதிகாரியைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். சரியான பதில் வரவில்லை. மறுநாள் கோர்ட்டில் எழுந்து, இப்படி ஓர் ஆவணம் இருக்கிறது, இதை நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்று சொல்லி ஒரு நகலை எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடம் நீட்டினார். அவருக்கே கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. வராந்தாவில் இன்ஸ்பெக்டர் கொதித்தார். "மேடம், நீங்க நம்ம சைடா, அவங்க சைடா?" அந்த அம்மா தன் கட்டைக் கட்டிக்கொண்டே, "ஆஸ்பத்திரி சீட்டை நான் எழுதலியே சார்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அந்த வழக்கில் இருவருக்குத் தண்டனை. மூவர் விடுதலை, அந்தப் பையனும் சேர்த்து. அடிபட்டவரும் அதே இருவரைத்தான் கூண்டில் உறுதியாக அடையாளம் காட்டினார். மற்ற மூவரைக் கேட்டபோது இழுத்தார். இருவரின் தண்டனை மேல்முறையீட்டிலும் நின்றது. ஐவரையும் பிடித்துக்கொண்டு தொங்கியிருந்தால் ஐவருமே விடுதலையாகிப் போயிருப்பார்கள் என்று அன்றைய எதிர்த்தரப்பு வழக்கறிஞரே பிறகு என்னிடம் சொன்னார்.

அந்த அம்மா செய்ததை இன்று சட்டமே கேட்கிறது. போலீஸ் திரட்டிவிட்டுப் பயன்படுத்தாமல் ஒதுக்கிய வாக்குமூலங்கள், ஆவணங்கள், பொருள்கள் எல்லாவற்றின் பட்டியலையும் எதிரிக்குக் கொடுக்க வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் வழிமுறை வகுத்தது. அதை எல்லாக் குற்ற வழக்குகளிலும் பின்பற்ற வேண்டும் என்று 2022-ல் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில் திரும்பவும் சொன்னது. அதற்கும் முன்னால், நான் மேலே சொன்ன அதே சொத்துக்குவிப்பு வழக்கில், சான்றாவணமாகக் குறிக்கப்படாமல் நீதிமன்றத்தில் கிடந்த தாள்களைப் பார்வையிட எதிரிக்கு உரிமை உண்டு என்று 2012-ல் தீர்ப்பு வந்தது. சாட்சிகளை விட்டுவிட்டதும் தவறு, எதிரிக்குக் காட்ட வேண்டியதை மறைப்பதும் தவறு. ஒரே வழக்கு இரண்டையும் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

ஜாமீன் மனுக்களில் 'விசாரணை நிலுவையில் உள்ளது, ஆட்சேபிக்கிறேன்' என்ற ஒரே வாக்கியத்தை எல்லா வழக்குக்கும் எழுதுவதைப் பற்றியும் நிறையச் சொல்லலாம். போலீஸ் கொடுத்ததை அப்படியே தள்ளிவிட அரசு வழக்கறிஞர் தபால் ஆபீஸ் இல்லை என்ற பொருளில், தடா என்ற பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்ட வழக்கு ஒன்றில் 1994-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காவல் நீட்டிப்பு கேட்கிற ஒவ்வொரு அறிக்கையிலும் உங்கள் சொந்த மூளை தெரிய வேண்டும் என்பது அதன் சாரம்.

வழக்கை வாபஸ் வாங்குவது அதைவிடப் பெரிய விஷயம். அரசாணை மேலிருந்து வரும். ஆனால் நீதிமன்றத்தில் மனுப்போடுகிற கை உங்களுடையது, கையெழுத்தும் உங்களுடையது. கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தியபோது, அவரை மீட்பதற்காகத் தடா குற்றச்சாட்டுகளை வாபஸ் வாங்கக் கர்நாடக அரசு முயன்றது. 2000-ல் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. அரசு வழக்கறிஞர் தானாக யோசித்து முடிவெடுத்தாரா என்ற கேள்வியை அங்கே எழுப்பினார்கள். கேரள சட்டமன்றத்தில் 2015-ல் நடந்த ரகளை வழக்கை வாபஸ் வாங்கும் முயற்சியும் 2021-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வாய்ப்புத் தராமல் நீதிமன்றம் இனி வாபஸை அனுமதிக்க முடியாது.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாதது இல்லை. ஒருவரே இரண்டு கோர்ட் பார்க்கிறீர்கள். எங்கள் கோர்ட்டில் அரசு வழக்கறிஞர் அறையில் நான்கு பேருக்கு ஒரு மேசை, நகலெடுக்கக் கைக்காசு. செஷன்ஸ் கோர்ட்டில் ஆட்சி மாறினால் ஆளும் மாறுகிறார். மாவட்ட ஆட்சியர், செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து தகுதியானவர்களின் பட்டியல் தயாரிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், யார் பெயர் எங்கிருந்து வருகிறது என்பது கோர்ட் வாசல் டீக்கடைக்குக்கூடத் தெரிந்திருக்கும். 1990-ல் உத்தரப் பிரதேச அரசு மாநிலம் முழுக்க இருந்த மாவட்ட அரசு வழக்கறிஞர்களை ஒரே சுற்றறிக்கையில் வீட்டுக்கு அனுப்பியபோது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இந்தப் பதவி பொதுப்பணி, ஆள்வோரின் விருப்பத்துக்குக் கட்டுப்பட்ட வேலைக்காரன் பதவி கிடையாது என்பதே அந்தத் தீர்ப்பின் அடிப்படை. உங்களைக் காக்கிற தீர்ப்பு அது. நீங்களும் அந்தத் தீர்ப்பைக் காக்க வேண்டும்.

அரசுத் தரப்பு நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பதால் ஒரு வழக்கு எப்படி மாறும் என்பதற்கு நம் மண்ணிலேயே கோகுல்ராஜ் கொலை வழக்கு இருக்கிறது. 2015-ல் நடந்த சாதி ஆணவக் கொலை. நாமக்கல்லில் இருந்து மதுரைக்கு வழக்கை மாற்ற கோகுல்ராஜின் தாய் போராடினார். தான் நம்புகிற ஒருவரே அரசுத் தரப்பில் நிற்க வேண்டும் என்றும் போராடிப் பெற்றார். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகள் பாதிக்கப்பட்டவர் அப்படிக் கேட்க இடம் தருகின்றன. முக்கிய சாட்சி பிறழ்ந்தார். இன்னும் பலரும் பிறழ்ந்தார்கள். ஆனாலும் திருச்செங்கோடு கோயில் கேமராப் பதிவு கையில் இருந்தது. 2022 மார்ச்சில் 10 பேருக்கு ஆயுள் தண்டனை, 2023 ஜூனில் உயர் நீதிமன்றமும் தீர்ப்பை உறுதி செய்தது, இருவரின் ஆயுளை மட்டும் ஐந்தாண்டாகக் குறைத்தது. ஆனால் ஒரு தாய் தன் மகனுக்காக அரசு வழக்கறிஞரையும் தானே தேடிப் பிடிக்க வேண்டியிருந்ததே என்பதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. மற்ற தாய்மார்கள் எங்கே போய்ப் போராடுவார்கள்?

காய்கறி விற்கும் அந்தம்மாவின் வழக்கில் தீர்ப்பு விடுதலை. சம்பவ நேரத்தைப் பற்றிய சந்தேகத்தின் பலனை நீதிபதி எதிரிக்குக் கொடுத்தார். கட்டில் இருந்ததை வைத்துப் பார்த்தால் அவர் வேறு எதுவும் செய்திருக்க முடியாது. பத்து நாள் கழித்து அந்தம்மா நகலுக்கு வந்தார். "மேல கோர்ட்டுக்குப் போகலாம்னு சொல்றாங்களே, நம்ம வக்கீல்கிட்டத்தான சொல்லணும்?" என்று கேட்டார். பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யும் உரிமை 2009 கடைசியிலேயே வந்துவிட்டது. பெண் என்பதால் வருமானம் பாராமல் இலவசமாக வழக்கறிஞரும் கிடைத்திருப்பார். அரசு மேல்முறையீடு செய்வதானால் 90 நாள் கெடு, அதற்கு முன் அரசு வழக்கறிஞரின் கருத்துரை போக வேண்டும். இதையெல்லாம் அவருக்கு நானாவது விரிவாகச் சொல்லியிருக்கலாம். வக்கீல் ஐயாவைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டேன். அதற்காக இன்றைக்கும் வருந்துகிறேன்.

அவர் அறைக்குப் போனார். பூட்டியிருந்தது, அரசு வழக்கறிஞர் பக்கத்து ஊர் கோர்ட்டில். ஒரு துண்டுச் சீட்டில் யாரிடமோ எழுதி வாங்கின போன் நம்பரை என்னிடம் கொடுத்து, "வந்ததும் குடுத்துருங்கய்யா, நான் எந்நேரமும் எடுப்பேன்" என்றார். கட்டின் மேலேயே குத்திவைத்தேன். ஆறு மாதம் கழித்துக் கட்டை ரெக்கார்டு அறைக்கு அனுப்பும்போது பார்த்தேன். சீட்டு அப்படியே இருந்தது.

நாளைக் காலை உங்கள் கோர்ட் வாசலிலும் மரத்தடியில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். பத்து மணிக்குள் ஒருமுறை வெளியே வந்து, அவர்கள் பெயரைக் கேளுங்கள்.

பணிவுடன்,
ஓய்வுபெற்ற ஒரு பெஞ்ச் கிளார்க்